செகண்ட் ஹேண்டில் கேமிங் கம்ப்யூட்டர்: அசெம்பிள்டு டெஸ்க்டாப்பா, ஆபீஸ் பெட்டியா, லேப்டாப்பா?

குறைந்த பணத்தில் கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், புதிது வாங்கக் கட்டுப்படியாகாது என்று தெரிந்துவிட்டால் மூன்று வழிகள்தான் மிஞ்சுகின்றன. ஒன்று, யாரோ ஒருவர் கேமிங்குக்கென்றே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டி, ஆடி முடித்து விற்கும் அசெம்பிள்டு டெஸ்க்டாப். இரண்டு, அலுவலகங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற பெட்டி ஒன்றை வாங்கி அதில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகிக்கொள்வது. மூன்று, பழைய கேமிங் லேப்டாப். நான் எடுத்தது முதலாவது: ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு. இன்றும் அதில்தான் ஆடுகிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரே பணத்துக்கு டெஸ்க்டாப் லேப்டாப்பைவிட வேகமாக ஓடும். லேப்டாப்பை எங்கும் எடுத்துப் போகலாம். டெஸ்க்டாப் என்றால் மானிட்டர், கீபோர்டு, மவுஸுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். வீட்டில் பழைய மானிட்டர் கிடந்தால் அதுவே போதும், 1080பிக்கு மேல் இந்த பட்ஜெட்டில் யோசிக்க வேண்டாம். விடுதியில் இருப்பவர்கள், வேலைக்காக அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு லேப்டாப்தான், அதில் விவாதமே இல்லை.

மற்றவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வாங்கிய பிறகு ஒரு பாகம் போனால், அந்த ஒரு பாகத்தை மட்டும், கிடைக்கிற பிராண்டில் வாங்கி மாட்டிக்கொள்ள முடியுமா? செகண்ட் ஹேண்டில் வாரண்டி பெரும்பாலும் முடிந்திருக்கும். கையைக் கடித்து வாங்குபவரிடம் இன்னொரு மெஷினுக்குப் பணம் இருக்காது. பல வருடம் ஓடிய எலெக்ட்ரானிக்ஸில் ஏதாவது ஒன்று ஒரு நாள் போகத்தான் செய்யும். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை பிரேம் என்ற கணக்கையெல்லாம் விட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. பத்து பிரேம் குறைந்தால் கேமில் நிழல்களின் தரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். மெஷினே ஆன் ஆகவில்லை என்றால் சமாளிக்க ஒன்றுமில்லை.

லேப்டாப்

இந்தக் கேள்வியை முன்னால் வைத்தால் லேப்டாப் முதலில் கழன்றுவிடுகிறது. கேமிங் லேப்டாப்பில் பிராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் மதர்போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டவை. கிராஃபிக்ஸ் சிப் போனால் மதர்போர்டே போன மாதிரி. ராமும் எஸ்எஸ்டியும் பொதுவான அளவில் கிடைக்கும். பேட்டரி, ஃபேன், கீபோர்டு, கீல் எல்லாம் அந்த மாடலுக்கென்றே செய்தது வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடமும் இங்கேதான். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி மெமரி உள்ள கார்டுதான் பரவலாகக் கிடைக்கிறது. லேப்டாப் 3060இல் இருப்பது 6 ஜிபி. அதோடு அதே லேப்டாப் 3060ஐ ஒரு தயாரிப்பாளர் 60 வாட்டில் ஓட விடுவார், இன்னொருவர் 115 வாட் வரை கொடுப்பார். பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். விற்பவர் 'ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப்' என்று சொன்னால் எத்தனை வாட் என்று திருப்பிக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டாலும் என்விடியா கண்ட்ரோல் பேனலின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பெரும்பாலும் அது இருக்கும்.

கேமிங் லேப்டாப்பை நானே சொந்தமாக வைத்திருந்ததில்லை. என் சித்தி மகன் வைத்திருப்பதைப் பல நாள் பயன்படுத்திப் பார்த்ததுதான் என் அனுபவம், அந்த அளவுக்கே இதை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மெஷின் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஃபேனில் தூசி சேரச் சேர சூடு ஏறி, அரை மணி நேரம் ஆடிய பிறகு வேகம் தானாகக் குறையும். திறந்து தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகும். டெஸ்க்டாப்பில் இதே வேலைக்கு இரண்டு ஸ்க்ரூவும் ஒரு பிரஷும் போதும். லேப்டாப்பில் அடிமூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்து, நகத்தைவிட மெல்லிய ரிப்பன் கேபிள்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். லேப்டாப்தான் என்று முடிவு செய்தவர்கள் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லி, டிசைன் கெபாசிட்டியையும் இப்போதைய ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் ஒப்பிடுங்கள். மூடியை மெதுவாகத் திறந்து மூடி, கீல் இருக்கும் மூலையில் பிளாஸ்டிக் விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆபீஸ் பெட்டி

இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். கடைசி வரை இதையா அதையா என்று யோசித்தது இந்த வழியைத்தான். அலுவலகத்தில் ஓடிய மெஷின் என்றால் ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டியிருக்க மாட்டார்கள், கண்டபடி கழற்றி மாட்டியிருக்க மாட்டார்கள். பெரும்பாலானவற்றில் இன்டெல் பிராசசருக்குள்ளேயே ஒரு கிராஃபிக்ஸ் இருக்கும். கார்டு போனாலும் படம் வரும், வேலை நடக்கும். என் ரைசன் 5 2600இல் அது கிடையாது. கார்டு போனால் திரை கறுப்புதான்.

ஆனால் சைடு பேனலைத் திறந்ததும் சிக்கல் கண்ணில் படும். சாதாரண டெஸ்க்டாப்பில் பவர் சப்ளையிலிருந்து, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, மதர்போர்டுக்கு 24 பின் கொண்ட ஒரு தடிமனான கேபிள் போகும். பெரிய நிறுவனங்களின் ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் அது இல்லை. அந்தந்த நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்ட 6 பின், 8 பின், 14 பின் இணைப்புகள்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கே மின்சாரம் மதர்போர்டிலிருந்து ஒரு சின்ன கேபிள் வழியாகப் போகும். மதர்போர்டின் வடிவம், ஸ்க்ரூ ஓட்டைகள், முன்பக்க பவர் பட்டனின் கேபிள் எல்லாமே அந்தப் பெட்டிக்கென்று செய்தவை. எஸ்எம்பிஎஸ்ஸோ பெரும்பாலும் 200இலிருந்து 300 வாட்டுக்குள், கிராஃபிக்ஸ் கார்டுக்கான தனி இணைப்பு இல்லாமல் வரும்.

இதனால் கார்டு தேர்வு சுருங்கிவிடுகிறது. மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்குள் அடங்கி, தனி பவர் கேபிள் கேட்காத கார்டுகள்தான் பொருந்தும்: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650இன் சில மாடல்கள், ஆர்எக்ஸ் 6400, 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. ஆர்எக்ஸ் 6400க்கு இன்னொரு குறை உண்டு. அது நான்கு லேன்களில், அதாவது நான்கு தரவுப் பாதைகளில் மட்டுமே ஓடும் கார்டு; பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள மெஷினில் அது பெரிதாகத் தெரியாது, இந்த பட்ஜெட்டில் கிடைக்கும் பழைய பெட்டிகள் பெரும்பாலும் 3.0 என்பதால் வேகம் அடிபடும். பெட்டி ஒல்லியான எஸ்எஃப்எஃப் வகையாக இருந்தால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே நுழையும், அவை குறைவாகவே கிடைப்பதால் விலையும் ஏறும். எனவே ஆபீஸ் பெட்டி என்றால் டவர் மட்டும்.

இணைப்பை மாற்றித் தரும் அடாப்டர் கேபிள்கள் கிடைக்கின்றன, அவற்றைப் போட்டு சாதாரண எஸ்எம்பிஎஸ் மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெட்டி, அடாப்டர், எஸ்எம்பிஎஸ், கார்டு என்று கூட்டிப் பார்க்கும்போது அசெம்பிள்டு டெஸ்க்டாப்பின் விலையை அது தொட்டுவிடுகிறது. அத்தனை செலவுக்குப் பிறகும் மதர்போர்டு போனால் அதே மாடலைத்தான் தேட வேண்டும். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஒரே மாடல் மொத்தமாக அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படுவதால் அந்த மாடலின் பாகங்கள் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கும். சில வருடம் வரை அது கைகொடுக்கும்.

வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம். மெஷின் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலான பயாஸுக்குள் போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அலுவலகம் வைத்த பயாஸ் பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் பின்னால் எதையும் மாற்ற முடியாது. அடுத்து, பிராசசரின் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெல்லில், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும் தொடங்குகிறது. ஐ7 7700 நல்ல பிராசசர்தான், ஆனால் பட்டியலில் இல்லை. 6ஆம், 7ஆம் தலைமுறைப் பெட்டிகள் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏதோ ஒரு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடலாம் என்பார்கள். ஆனால் வேலரண்ட் போன்ற கேம்களின் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் ஆன்டி சீட் மென்பொருள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்களையும் கேட்கிறது. நீங்கள் ஆடுவது அந்த வகைக் கேம் என்றால் குறுக்கு வழியை நம்ப வேண்டாம்.

அசெம்பிள்டு டெஸ்க்டாப்

இங்கே எல்லாமே பொது அளவு. ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை இன்டெல் 1995இல் கொண்டுவந்தது; கேபினெட்டின் ஸ்க்ரூ ஓட்டைகள் இன்றும் அந்த வழியில்தான் வருகின்றன. எந்த நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸும் எந்த நிறுவனத்தின் மதர்போர்டோடும் சேரும். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். வேகம் போதவில்லை என்றாலும் அதே கதைதான்.

என்னைச் சாய்த்தது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடம். ரைசன் 1000 வரிசையில் தொடங்கி 5000 வரிசை வரை அதே சாக்கெட்தான். பி450 போர்டில் பயாஸை அப்டேட் செய்துவிட்டு 2600ஐ எடுத்து 5600ஐ வைக்கலாம். மதர்போர்டு அதே, டிடிஆர்4 ராம் அதே, இரண்டும் 65 வாட் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸும் அதே. பழைய பிராசசரை விற்றால் செலவில் ஒரு பகுதி திரும்பி வரும். பயாஸ் அப்டேட் மட்டும் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். அப்டேட் செய்யாமல் மாட்டினால் சில போர்டுகளில் புதிய பிராசசர் உயிரே பெறாது.

இன்டெல்லில் இந்தச் சுதந்திரம் குறைவு. 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான், எல்ஜிஏ 1151. ஆனால் 6, 7ஆம் தலைமுறைக்கான 100, 200 வரிசை போர்டுகளில் 8ஆம் தலைமுறை ஓடாது. ஐ5 6500 உள்ள மெஷினைக் காட்டி 'பின்னால் ஐ7 8700 போட்டுக்கொள்ளலாம்' என்று ஒருவர் சொன்னால் அது நடக்காது.

இந்த வழியின் பலவீனம், கட்டியவரின் கை. பணத்தை எங்கே மிச்சம் பிடித்தார் என்று பார்த்தால் அநேகமாக எஸ்எம்பிஎஸ்ஸில்தான் பிடித்திருப்பார். நான் வாங்கத் தேடியபோது, வெளியே கண்ணாடி, உள்ளே ஆர்ஜிபி விளக்கு, ஆர்எக்ஸ் 580 கார்டு என்று ஒரு பெட்டி பார்த்தேன். எஸ்எம்பிஎஸ் 500 வாட் என்றார் விற்பவர், ஸ்டிக்கரிலும் பெரிய எழுத்தில் 500 என்றுதான் இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், எல்லா எஸ்எம்பிஎஸ்ஸிலும் இருக்கும். அதில் +12வி என்ற பத்தியில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். அங்கே 18ஏ என்று இருந்தது. 18ஐ 12ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்எக்ஸ் 580 மட்டுமே 185 வாட் கேட்கும். அந்தப் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது மூச்சுப் பிடித்துக்கொண்டு சுமை தூக்குபவர் நடப்பது மாதிரி. எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகும்போது சும்மா போகாது. மதர்போர்டையோ கார்டையோ சேர்த்து இழுத்துக்கொண்டு போகவும் வாய்ப்புண்டு.

அதனால் விற்பவர் அனுப்பும் படங்களில் முதலில் கேட்க வேண்டியது எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் படம். 80 ப்ளஸ் முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டும்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றி அது பேசாது. ஆனாலும் எந்த முத்திரையும் இல்லாத, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் என்றால், புதியது வாங்கும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்து, அந்தத் தொகையைக் குறைத்துக் கேளுங்கள். மெஷினில் புதிதாகவே வாங்க வேண்டிய பாகம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நானும் வந்தவுடன் மாற்றியது இதைத்தான். நிறுவனத்துக்கென்று தனி இணைப்பு எதுவும் இல்லாததால், ஒரு மாலை வேலையாக முடிந்தது.

கார்டு விஷயத்தில் இப்போது ஒரு கோடு விழுந்திருக்கிறது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு, அதாவது 1050 டிஐ, 1060, 1070, 1080க்கெல்லாம், புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும். 16 வரிசையில் இன்னும் டிரைவர் வருகிறது. 1060ஐயும் 1660 சூப்பரையும் பக்கத்தில் வைத்துத் தயங்குபவர் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது இரண்டாவதை எடுக்கலாம். புதிய பெரிய கேம்கள் சில, ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டும் ரே ட்ரேசிங் வன்பொருள் இல்லாமல் தொடங்கவே தொடங்காது. 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படி ஒன்று. என் 1660 சூப்பரில் அது கிடையாது. அந்தக் கேம்கள்தான் முக்கியம் என்றால் ஆர்டிஎக்ஸ் 2060 அல்லது 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 பக்கம் பாருங்கள். ஏஎம்டி கார்டுகளோடு எனக்குப் பழக்கம் குறைவு, ஆனால் இந்த விலை வட்டத்தில் 6600ஐ நம்பி வாங்கியவர்கள் யாரும் என்னிடம் வருத்தப்பட்டதில்லை.

மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்ட இரவு பகலாக ஓடிய கார்டா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியபோது குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் சுற்றுகின்றன. அப்படிப்பட்ட கார்டை நான் வைத்திருந்ததில்லை. நண்பர்கள் வாங்கியதைப் பார்த்த அளவில், சிப்பைவிட ஃபேனும் தெர்மல் பேடும்தான் தேய்ந்திருந்தன. அவை இரண்டும் மாற்றக்கூடியவை. இதைவிடப் பெரிய கவலை, பெயர் ஒன்று சரக்கு வேறு என்பது. ஜிபியு-இசட் என்ற சின்ன நிரலைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்து, ஷேடர், அதாவது சிப்புக்குள் இருக்கும் கணிப்பு அலகுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது 580 பெயரில் விற்ற குறைந்த வகை. ஜிடிஎக்ஸ் 1060இல் 6 ஜிபிக்கு 1280, 3 ஜிபிக்கு 1152. குறைவது மெமரி மட்டும் இல்லை என்பது இதில் தெரியும்.

சோதிக்கும்போது விற்பவர் வீட்டிலேயே, முடிந்தால் மெஷின் குளிர்ந்திருக்கும்போதே போய், நீங்களே ஆன் செய்யுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம், டாஸ்க் மேனேஜரில் இரண்டு ராம் ஸ்லாட் நிரம்பியிருக்கிறதா என்பது, பிறகு உங்களுக்குப் பழக்கமான ஒரு கேமில் அரை மணி நேரம். ரைசனுக்கு ஒற்றை 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு நல்லது. திரையில் வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ சிதறினால், 'கேபிள் லூஸ்' என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிடுங்கள். அரை மணி நேரம் ஆட விட மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

மறுவிற்பனையிலும் அதே கணக்கு வேலை செய்கிறது. அசெம்பிள்டு டெஸ்க்டாப்பை மொத்தமாகவும் விற்கலாம், பாகம் பாகமாகவும் விற்கலாம். கார்டுக்கு ஒருவர், பிராசசருக்கு ஒருவர் என்று வாங்க ஆள் வருவார்கள், கேபினெட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் அடுத்த மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆபீஸ் பெட்டியில் கார்டும் ராமும் எஸ்எஸ்டியும் தனியாகப் போகும், மிச்சம் பழைய இரும்பு விலைக்குக்கூடப் போகாது. லேப்டாப் முழுதாகத்தான் போகும், அதுவும் பேட்டரி எத்தனை நிமிடம் நிற்கிறது என்ற முதல் கேள்வியைத் தாண்டிய பிறகு.

இவ்வளவுக்குப் பிறகும் ஆபீஸ் டவரை நானே வாங்கச் சொல்லும் ஒரு சூழ்நிலை இருக்கிறது. ஆடுவது வேலரண்ட், சிஎஸ் 2, மைன்கிராஃப்ட் மாதிரியான கேம்கள். வீட்டில் படிப்புக்கும் அதே மெஷின்தான் வேண்டும். பழுது பார்ப்பதில் ஆர்வமே இல்லை என்றால், 8ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 75 வாட்டுக்குள் அடங்கும் ஒரு ஜிடிஎக்ஸ் 1650. சத்தம் அதிகம் இருக்காது, சூடும் ஏறாது, வாங்கியபடியே ஓடும். பெரிய கேம்கள் மேல் ஆசை வரும் என்று இப்போதே தெரிந்தால் அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஏஎம்4 போர்டு உள்ள ஒரு டெஸ்க்டாப்புக்குக் காத்திருங்கள், கார்டு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. கார்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.